ஆறு வாரக் குருத்து

டைல்ஸ் போடுகிறவரின் வயதை முகத்தில் பார்க்கக் கூடாது, முட்டியில் பார்க்க வேண்டும். முகத்தைப் பார்த்து நாற்பத்தைந்து சொல்லக்கூடிய ஆளுக்கு முட்டியைப் பார்த்தால் எழுபது சொல்லத் தோன்றும். இந்த மனுஷன் இருபத்தாறு வருடத்தில் நின்று வேலை பார்த்தது கொஞ்சம், மண்டியிட்டபடியே அறை அறையாக நகர்ந்ததுதான் அதிகம். முட்டித் தோல் குதிகால் மாதிரி காய்த்துவிட்டது. ஊசியால் குத்தினாலும் யாரையோ குத்துகிற மாதிரி பார்த்துக்கொண்டிருப்பார். வெளியே காய்த்தது எல்லோருக்கும் தெரிந்தது. உள்ளே தேய்ந்தது யாருக்கும் தெரியவில்லை, ஒருநாள் சிமெண்டு மூட்டையோடு படியிறங்கும்போது வலது கால் மடங்கி விழும்வரைக்கும்.

தொழிலில் அவருக்குப் பேர் ரசமட்டம். தரை சமமாக இருக்கிறதா என்று பார்க்க, கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி ஓடுகிற ஒரு கட்டையை வைப்பார்கள் இல்லையா, அதன் பேர்தான் அது. அவர் அந்தக் கட்டையைத் தொடுவதே அபூர்வம். உள்ளங்கையால் தரையை ஒரு தடவு தடவி, "இந்த மூலை ரெண்டு நூல் தூக்கல்" என்பார். நம்பாமல் கட்டையை வைத்துப் பார்த்தவர்கள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்கள். இப்படி ஒரு கை இருந்தால் மனுஷனுக்குக் கொஞ்சம் கர்வம் வரத்தான் செய்யும். அவருக்கும் இருந்தது.

நடந்ததை அவர் மனைவி பக்கம் நின்று பார்த்தால்தான் முழுசாகத் தெரியும். அவள் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை பார்த்தாள். பதினேழு பேர். குளிப்பாட்டுவது, தலை துவட்டுவது, ஊட்டிவிடுவது, படுக்கையிலேயே கிடப்பவர்களைப் பக்கம் மாற்றிப் போடுவது. பன்னிரண்டு வருடமாக அடுத்தவர் உடம்பைத் தொட்டே பிழைத்தவள். ஒருவர் முதுகில் தோல் கொஞ்சம் நிறம் மாறினாலும் இது நாளைக்குப் புண்ணாகும், இது ஆகாது என்று சொல்லிவிடுவாள். புருஷனுக்குத் தரை, இவளுக்குத் தோல்.

முட்டி டாக்டர் ஒரு அம்மாள். கட்டை குட்டையாக, சிரித்தால் கண் காணாமல் போகிற முகம். ரப்பரில் செய்த முட்டி ஒன்றை மேஜைமேல் வைத்து மடக்கி நீட்டிக் காட்டினார்.

"எலும்பு ஒடஞ்சா சேந்துக்கும். தோல் கிழிஞ்சா மூடிக்கும். எலும்போட முனையில வழுவழுன்னு ஒரு பூச்சு இருக்கு பாருங்க, இதுதான் குருத்தெலும்பு. இது மட்டும் போனா போனதுதான். ஏன்னா இதுக்கு ரத்த ஓட்டம் கிடையாது. ரோடே இல்லாத எடத்துக்கு ரிப்பேர் ஆளு எப்படிப் போவான்?"

"ரெண்டு காலும் அப்படித்தானா?" என்று கேட்டது மனைவி.

"இடது பரவாயில்ல. வலதுல ஒரே ஒரு எடத்துல பள்ளம். சட்டை பட்டன் ரெண்டு சேத்து வச்ச அளவு. சுத்தி நல்லாருக்கு. முழுக்கத் தேஞ்சிருந்தா இந்த வைத்தியமே கிடையாது. உங்களுக்குச் செய்யலாம்."

செய்யப்போவதையும் விவரமாகச் சொன்னார். முட்டியின் ஓரத்தில், பாரம் விழாத இடத்திலிருந்து, இரண்டு அரிசி அளவுக்குக் குருத்தெலும்பைக் கிள்ளி எடுப்பார்கள். அதிலிருந்து செல்களைப் பிரித்து, லேப்பில் வைத்துத் தீனி போட்டு ஆறு வாரம் வளர்ப்பார்கள். வளர்ந்ததைப் பஞ்சு மாதிரியான மெல்லிய தகடு ஒன்றில் ஏற்றி, பள்ளத்துக்குத் தகுந்தபடி வெட்டி, உள்ளே ஒட்டிவிடுவார்கள். பிறகு அது தன் இடம் என்று தெரிந்துகொண்டு அங்கேயே இறுகி வளரும்.

ரசமட்டம் அதுவரை ரப்பர் முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். இப்போது நிமிர்ந்தார்.

"டாக்டர், ஒரு வீட்டுல பத்து வருஷம் முன்னாடி போட்ட டைல்ஸ்ல ஒண்ணு ஒடஞ்சா எங்களுக்குத் தலைவலி. அதே கம்பெனி, அதே நம்பர் கிடைச்சாலும் லாட் மாறிடும். பக்கத்துல வச்சா நிறம் இளிக்கும். நீங்க என் லாட்டுலயே செஞ்சு தரேங்கிறீங்க."

"அதேதான். இனிமே எல்லார்கிட்டயும் இப்படியே சொல்றேன்," என்று டாக்டர் சிரித்தார். கண் காணாமல் போனது.

"நான் திரும்ப மண்டி போடலாமா?"

டாக்டரின் சிரிப்பு நின்றது. "ஒட்டுனது நல்லாப் புடிச்சா, ஒரு வருஷம் கழிச்சு, போடலாம். சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா இதைச் செய்யலன்னா இந்தப் பள்ளம் பெருசாகிக்கிட்டே போகும். அப்புறம் உலோக முட்டிதான். அதுல நடக்கலாம், மாடி ஏறலாம். தரை வேலை முடியாது."

அவருக்கு வேண்டியது அந்த முதல் வாக்கியம்தான். அதைப் பிடித்துக்கொண்டார். இன்னும் இரண்டு விஷயம் டாக்டர் சொன்னார், அதை மனைவிதான் மனசில் முடிந்துகொண்டாள். ஒன்று, இது ஆராய்ச்சித் திட்டம், நாற்பத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும். அவருக்கு நாற்பத்தாறு பிறக்க இரண்டரை மாதம்தான் பாக்கி, ஆகவே ஒரே ஒரு தடவைதான். இன்னொன்று, வளர்ந்த தகடு லேப்பை விட்டு வெளியே வந்தால் இரண்டு நாள்தான் உயிரோடு இருக்கும். அந்த இரண்டு நாளில் சளி, காய்ச்சல், கட்டி, முட்டிப் பக்கத்தில் ஒரு சின்னப் புண், எதுவுமே இருக்கக் கூடாது.

"ஒரு கீறல்கூட இருக்கக் கூடாது. மூட்டுக்குள்ள கிருமி போச்சுன்னா சாமானியமா வெளிய வராது," என்றார் டாக்டர்.

முதல் ஆபரேஷன் அரை மணி நேரத்தில் முடிந்தது. இரண்டு சின்னத் துளை, இரண்டு தையல். அவை பத்து நாளில் ஆறிவிட்டன. அதற்குப் பிறகுதான் கஷ்டம். வேலைக்குப் போகக் கூடாது, மண்டியிடக் கூடாது, கைத்தடி இல்லாமல் தெருவில் இறங்கக் கூடாது. வெளியே நாள் தவறாமல் மழை. வீட்டுக்குள் ஒரு ரசமட்டம். அவர் சும்மா இருக்கப் பிறந்தவரா? சமையலறைத் தரையை உள்ளங்கையால் தடவித் தடவி, தான் பதினாலு வருடத்துக்கு முன் போட்டதில் தானே குறை கண்டுபிடித்தார். அவள் முட்டை அவித்தால் எத்தனை நிமிஷம் என்று கேட்டார். உருளைக்கிழங்கை நறுக்கினால் எல்லாம் ஒரே கனமாக வருகிறதா என்று எட்டிப் பார்த்தார்.

"ஏங்க, வாயில போறதுக்கு எதுக்கு மட்டம் பாக்குறீங்க?" என்றாள் அவள்.

வாரத்துக்கு ஒருமுறை லேப்பிலிருந்து ஒரு பெண் போன் செய்து, நன்றாக வளர்கிறது என்று சொல்லும். அன்றைக்கு முழுக்க அவருக்கு முகம் மலர்ந்திருக்கும். தெருமுனைக் கடையில் டீ குடிக்க வருகிறவர்கள், "என்ன மேஸ்திரி, கால் எப்படி?" என்று கேட்டால், "ஹாஸ்டல்ல சேத்திருக்கேன். நல்லாப் படிக்குதாம். அடுத்த மாசம் வீட்டுக்கு வருது," என்பார். கேட்டவன் முழிப்பான். இவர் டீயை உறிஞ்சுவார்.

ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படுத்தபிறகு மட்டும் கேட்பார். "புடிக்குமா?"

"புடிக்கும்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"உங்க ஒடம்புல எதுதான் சுலபமா விட்டுக் குடுத்திருக்கு? அதுவும் புடிச்சா புடிதான்."

இப்படி ஐந்து வாரம் போனது. ஆறாவது வாரம் வியாழக்கிழமை ஆபரேஷன் என்று தேதி குறித்தார்கள்.

இந்த இடத்தில் கொழுந்தனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரசமட்டத்தின் தம்பி. அண்ணன் கையிலேயே தொழில் பழகியவன், டைல்ஸ் வெட்டுவதில் அண்ணனையே மிஞ்சுவான், கோடு இழுத்தால் கோடு. ஆனால் குளியலறைத் தரைக்கு வாட்டம் வைப்பது மட்டும் அவனுக்கு வராது. நாலு பக்கத்திலிருந்தும் தண்ணீர் ஓட்டைக்கு வர வேண்டும். சரிவு கூடினால் நடக்கிறவர் சறுக்குவார், குறைந்தால் தண்ணீர் தேங்கும். அது கணக்கில் வராது, கையில்தான் வரும். அண்ணன் இல்லாத நேரத்தில் முதியோர் இல்லத்துக் குளியலறை வேலையை அவன் ஒப்புக்கொண்டிருந்தான். வாங்கிக் கொடுத்ததே அண்ணிதான்.

முடித்துவிட்டுப் போனான். மறுநாள் முதல் ஆளைக் குளிப்பாட்டினதுமே தெரிந்துவிட்டது. நாற்காலி போடும் மூலையில் தண்ணீர் அப்படியே நின்றது. அவள் ஒவ்வொரு குளியலுக்கும் பிறகு துடைப்பத்தால் தள்ளினாள், துணியால் ஒற்றினாள். பதினேழு பேருக்குப் பதினேழு முறை. திங்கட்கிழமை, ஓவிய வாத்தியாராக இருந்த பெரியவர் அந்த மூலையில் கால் வைத்துச் சறுக்கி, அவள் கையைப் பிடித்துத் தொங்கினார். எண்பத்தொரு வயது. விழுந்திருந்தால் இடுப்பு எலும்பு அம்பேல். இல்லத்து மேலாளர், "உங்க ஆளுங்க வேலையாம்மா இது? வேற ஆள வச்சு இடிச்சிடலாமா?" என்று கேட்டதுதான் அவளுக்கு உறைத்தது.

அன்று ராத்திரி தட்டில் சாதத்தை வைத்துக்கொண்டே வாயைத் திறந்தாள். அன்றைக்கு இந்த வாயைத் திறக்காமலே இருந்திருக்கலாமே என்று பிறகு எத்தனையோ நாள் நினைத்துக்கொள்வாள்.

"நீங்க வந்து ஒரு நாற்காலியில உக்காந்து, எப்படிச் செய்யணும்னு தம்பிக்குச் சொன்னாப் போதும். ஒரு மணி நேரம்."

"வாட்டம் சரியில்லயா?"

"மூலையில நிக்குது."

"சுவர் ஓரமா இழுத்துட்டு வந்திருக்க மாட்டான். முட்டாப் பய." அவருக்கு முகத்தில் ஐந்து வாரமாக இல்லாத ஒரு களை வந்தது. அதைப் பார்த்து அவளும் சந்தோஷப்பட்டாள். அதுவும் உண்மை.

செவ்வாய்க்கிழமை மதியம் கைத்தடியோடு போனார். அந்த மூலையைத் தம்பி உடைத்துப் போட்டிருந்தான். குளியலறை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, அங்கே அள்ளு, இங்கே போடு, இன்னும் ஒரு விரல் இறக்கு என்று சொன்னார். தம்பியும் அள்ளினான், போட்டான், இறக்கினான். தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் மூலையிலிருந்து கிளம்பிப் பாதி வழியில் யோசித்துக்கொண்டு நின்றது.

"இன்னும் எப்படிண்ணே?" என்றான் தம்பி.

"சொல்றதுக்கு என்னடா இருக்கு. தள்ளு."

அவள் அழுக்குத் துணி வாளியோடு அந்தப் பக்கம் வந்தபோது மனுஷன் ஈரக் கலவையின் ஓரத்தில் மண்டியிட்டிருந்தார். முட்டிக்கு வைக்கிற மெத்தையை அவள்தான் வீட்டுப் பரணில் தூக்கிப் போட்டிருந்தாள், கண்ணில் பட்டால் கை துறுதுறுக்கும் என்று. இப்போது காலிச் சிமெண்டுச் சாக்கு ஒன்றை மடித்துக் கீழே போட்டிருந்தார். கால்சட்டையைத் தொடை வரைக்கும் சுருட்டியிருந்தார். சாக்கு ஈரத்தில் கறுத்திருந்தது.

அவள் வாளியைக் கீழே வைத்தாள். எழுந்திருங்க என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் அவர் கை அந்த நேரத்தில் கலவையைத் தடவிக்கொண்டிருந்தது. ஐந்து விரலையும் விரித்து, சுவர் ஓரத்திலிருந்து ஓட்டையை நோக்கி, அவசரமே இல்லாமல். இருபது வருடக் கல்யாணத்தில் அவர் வேலை செய்து அவள் பார்த்தது குறைவு. அவரவர் வேலைக்கு அவரவர் போய்விடுவார்கள். பார்த்துக்கொண்டே நின்றாள். ஒன்றரை மணி நேரம் ஆனது. அதற்குள் அவளும் இரண்டு மூன்று தடவை வந்து போனாள். ஒரு தடவையும் சொல்லவில்லை.

கடைசியில் ஒரு குவளைத் தண்ணீரை மூலையில் ஊற்றினார். அது சத்தமில்லாமல் நழுவி, வளைந்து, ஓட்டைக்குள் போனது. ஒரு சொட்டு பின்தங்கவில்லை. தம்பி தலையைச் சொறிந்தான். ஓவிய வாத்தியார் வாசலில் நின்று, "இதுல ஒரு கோடு பாருங்க," என்று யாரிடமோ சொன்னார்.

"டாக்டரம்மாகிட்ட வத்தி வச்சிடாதே," என்று அவர் அவளைப் பார்த்துக் கண்ணடித்தார். அவளுக்குப் பெருமையாக இருந்தது. சிரித்தாள்.

சிமெண்டுத் தண்ணீர் கடிக்கும் என்பது அந்தத் தொழிலில் கைப்பிள்ளைக்கும் தெரியும். கடிக்கும்போது வலிக்காது, அதுதான் அதன் குணம். மெல்ல மெல்லத் தின்றுவிட்டு மறுநாள் காட்டும். மற்றவர்களுக்காவது எரிச்சல் எடுக்கும், எழுந்து கழுவுவார்கள். இவருக்குக் காய்த்த தோல். சாக்கு உறிஞ்சின தண்ணீரில் ஒன்றரை மணி நேரம் முட்டி ஊறியது அவருக்குத் தெரியவே இல்லை. வீட்டுக்கு வந்துதான் கழுவினார்.

புதன்கிழமை லேசாக அரித்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்து சோப்பால் மூன்று நாள் முட்டியைக் கழுவ வேண்டும். முதல் இரண்டு நாளும் தானே கழுவிக்கொள்வதாகச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். வியாழக்கிழமை விடிந்ததும் அவள் விடவில்லை.

"ஊரு ஒடம்பெல்லாம் கழுவுறேன். இன்னிக்கு இந்த ஒரு முட்டியை நான் கழுவுனா என்ன?"

நாற்காலியில் உட்காரவைத்துக் கால்சட்டையைச் சுருட்டியவள் அப்படியே நின்றாள். முட்டிச் சில்லுக்குக் கீழே, இங்கேதான் வெட்டுவேன் என்று டாக்டர் பேனாவால் கோடு போட்டுக் காட்டியிருந்த அதே இடத்தில், பெரிய நாணயம் அளவுக்குத் தோல் பழுப்பும் கறுப்புமாக வெந்திருந்தது. ஓரத்தில் சிவப்பு. ஒரு பக்கம் கொப்புளம் உடைந்து ஈரம். இடது முட்டியிலும் இருந்தது, கொஞ்சம் சின்னதாக.

"எப்பலேருந்து?"

"நேத்து காலையில."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன செய்வே? டாக்டர்கிட்ட சொல்லுவே."

அவள் விரலை ஓரத்தில் வைத்து அழுத்தினாள். சூடாக இருந்தது. மேல்தோலோடு நின்ற புண் இல்லை என்று விரலுக்குத் தெரிந்தது.

"வலிக்குதா?"

"இல்ல."

வலிக்காததுதான் அவளைப் பயமுறுத்தியது.

"இந்தா பாரு," என்று அவர் அவள் கையைப் பிடித்தார். "கழுவி, சுத்தமான துணி சுத்தி வரச் சொல்லியிருக்காங்க. சுத்திட்டுப் போவோம். உள்ள போனதும் அவங்க காலு பூரா அந்தச் செவப்பு மருந்தைப் பூசுவாங்க. போன தடவையும் அப்படித்தான். அதைப் பூசிட்டா புண்ணு தெரியாது. நீ ஒண்ணும் பொய் சொல்ல வேணாம். சும்மா இரு, அது போதும். சும்மா இருக்குறது ஒரு தப்பா?"

"கிருமி உள்ள போயிடும்னாங்களே."

"போகாமலும் இருக்கலாமில்ல? இன்னிக்கு விட்டா எனக்கு வேற நாளே இல்ல. தெரியுமா தெரியாதா?"

தெரியும். அவர் குரல் அந்த மாதிரி கெஞ்சி அவள் கேட்டதில்லை. கழுவினாள். துணியைச் சுற்றினாள். முடிச்சைப் பக்கவாட்டில் போட்டாள், புண்ணில் உறுத்தாதபடி.

பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கண்ணாடியில் மழை வழிந்தது. அவளுக்கு முதியோர் இல்லத்தில் இரண்டாவது கட்டிலில் இருக்கிற அம்மாள் நினைவாகவே இருந்தது. குதிகாலில் இதே அளவு புண்ணோடு இல்லத்துக்கு வந்தவர். எலும்புவரை போய், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய், திரும்பி வந்தபோது போர்வைக்குக் கீழே ஒரு பக்கம் தட்டையாக இருந்தது. அந்தப் போர்வையை மடித்து வைத்தது இவள்தான். அதே சமயம் இன்னொரு நினைப்பும் ஓடியது. இவர் சொல்வதுபோல ஒன்றும் ஆகாமலும் போகலாம். ஒரு வருடம் கழித்து எங்கேயோ ஒரு தரையில் மண்டியிட்டு இருப்பார். யாருக்கும் எதுவும் தெரியாது. வாயைத் திறந்து கெடுத்தது ஒரு தடவை போதாதா?

ஆஸ்பத்திரியில் பச்சை உடுப்பு மாட்டிவிட்டுப் படுக்கவைத்தார்கள். நர்ஸ் அட்டையை வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டது.

"காய்ச்சல்?"

"இல்ல."

"சளி, இருமல்?"

"இல்ல."

"ஒடம்புல எங்கயாவது புண்ணு?"

"இல்ல," என்றார். குரல் பிசிறவில்லை.

நர்ஸ் மூன்று கோடு கிழித்துவிட்டுப் போனது. மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போது வாசலில் ஒரு சின்னப் பெண் வந்து நின்றது. கையில் வெள்ளைப் பெட்டி. வாராவாரம் போன் செய்த குரல்தான்.

"சார், வந்தாச்சு. ரொம்ப நல்லா வந்திருக்கு. எங்க லேப்ல இந்த வருஷத்துலயே இதுதான் நல்லா வந்தது," என்றது. அவருக்குக் கண் கலங்கியது. பெட்டியைப் பார்த்துக் கும்பிட்டார்.

டாக்டர் வந்தார். தள்ளுகட்டில் நகரத் தொடங்கியது. கதவு திறந்தது. உள்ளே போயிருந்தால் எப்படியும் டாக்டர் கண்ணில் பட்டிருக்கும், நீ சொல்லியிருக்கவே வேண்டாம் என்று பிற்பாடு கொழுந்தன் உட்பட நாலு பேர் அவளிடம் சொன்னார்கள். பட்டிருக்கலாம். அதெல்லாம் வெளியே நின்றவர்கள் பேச்சு. அந்தக் கதவருகே அவளுக்கு அப்படி ஒரு ஆறுதலும் இல்லை.

"டாக்டர், ஒரு நிமிஷம். துணியை இங்கயே அவுத்துப் பாருங்க."

ரசமட்டம் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையை அவள் கல்யாணமான நாளிலிருந்து பார்த்ததில்லை. யாரோ ஊர்பேர் தெரியாத ஆளைப் பார்ப்பது மாதிரி.

டாக்டர் முடிச்சை அவிழ்த்தார். குனிந்து பார்த்தார். விளக்கை இழுக்கச் சொல்லிப் பார்த்தார். கையுறை போட்டு ஓரத்தைத் தொட்டார்.

"சிமெண்ட்டா?"

ரசமட்டம் கூரையைப் பார்த்தார்.

"எப்ப மண்டி போட்டீங்க?"

"செவ்வாக்கெழமை," என்றாள் மனைவி. "நான்தான் கூப்பிட்டேன். நாங்க வேலை பாக்குற எடத்துல தரை சரியில்லன்னு நான்தான் கூப்பிட்டேன். மண்டி போட்டப்ப பாத்துக்கிட்டுதான் நின்னேன். அவர்மேல தப்பில்ல, டாக்டர்."

"தப்பு யாருதுன்னு நான் கேக்கலம்மா." டாக்டர் கையுறையைக் கழற்றினார். "இது வழியாத்தான் நான் வெட்டணும். வெட்ட முடியாது. வெட்டினா மூட்டு போயிடும், மூட்டோட நின்னாப் புண்ணியம். இது ஆற மூணு வாரம் ஆகும்."

"மூணு வாரம் கழிச்சு?" என்றார் ரசமட்டம்.

"தகடு நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும்தான் தாங்கும்."

"மிச்சம் எதுவும் எடுத்து வச்சிருக்க மாட்டீங்களா?"

டாக்டர் லேப் பெண்ணைப் பார்த்தார். அது தலையை ஆட்டியது. "எல்லாத்தையும் ஏத்தினாத்தான் ஒரு தகட்டுக்குப் பத்தும் சார். மிச்சம் வராது."

"திரும்ப எடுத்து வளக்கலாம், ஒன்பது பத்து வாரம் ஆகும். அதுக்குள்ள உங்களுக்கு வயசு தாண்டிடும். நான் மேல எழுதிக் கேக்குறேன். ஆனா நம்பி இருக்காதீங்க. போன மாசம் ஒருத்தருக்குக் கேட்டு, முடியாதுன்னுட்டாங்க," என்றார் டாக்டர்.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று சொல்வது சுலபம். கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்த மனுஷனிடம் அதைச் சொல்ல அங்கே யாருக்கும் மனசு வரவில்லை. கால்கள் கீழே தொங்கிக்கொண்டிருந்தன. மனைவி அருகே போகவும் பயந்து கதவோரமாகவே நின்றாள்.

"அதைப் பாக்கலாமா?" என்றார்.

லேப் பெண் டாக்டரைப் பார்த்தது. டாக்டர் தலையசைத்தார். பெட்டியைத் திறந்து, மூடிபோட்ட ஒரு சின்னக் கண்ணாடித் தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தது. இளஞ்சிவப்புத் தண்ணீருக்குள் வெள்ளையாக, வட்டமாக, ஈரப் பஞ்சு மாதிரி ஒன்று கிடந்தது.

"இதுவா?"

"இதுதான் சார். ஒரு கோடிக்கு மேல செல்லு இருக்கு."

"உயிரோடயா இருக்கு இப்ப?"

"ஆமா சார்."

அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். கையை நீட்டினார், பிறகு தானே மடக்கிக்கொண்டார். "நல்லா வளத்திருக்கம்மா," என்றார்.

அந்தப் பெண்ணுக்கு அழுகை வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு ஒரு தாளை எடுத்தது. தகட்டை அழித்துவிடலாமா, ஆராய்ச்சிக்குத் தரலாமா என்று அதில் கேட்டிருந்தது.

"ஆராய்ச்சின்னா என்ன செய்வீங்க?"

"எவ்வளவு பாரம் தாங்குதுன்னு அழுத்திப் பாப்போம் சார். அடுத்து வர்றவங்களுக்கு உதவும்."

"எவ்வளவு தாங்குச்சுன்னு எனக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லு," என்று கையெழுத்துப் போட்டார். பெட்டி மூடியது. அந்தப் பெண் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடைவழியில் போவதை, திருப்பம் வரும்வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார்.

முட்டிக்குக் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். வாசலுக்கு அருகே நீள பெஞ்சு. பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. அவர் ஒரு முனையில் உட்கார்ந்தார். நடுவில் மருந்துப் பை. அவள் மறுமுனையில். மழை தூறிக்கொண்டிருந்தது. உள்ளே போகிறவர்கள் குடையை உதறிவிட்டுப் போனார்கள்.

ஃபிளாஸ்க்கில் கொண்டுவந்த டீயை ஊற்றி நீட்டினாள். வாங்கவில்லை. பெஞ்சில் வைத்தாள். ஆறியது.

"நான் வாயைத் திறக்காம இருந்திருக்கலாம்," என்றாள். "அன்னிக்கும்தான், இன்னிக்கும்தான்."

அவர் தெருவைப் பார்த்தபடியே பேசினார்.

"இன்னிக்கு நீ சொல்லலன்னா காலு போயிருக்கும். அது எனக்குத் தெரியாம இல்ல. நேத்து ராத்திரியே தெரியும்."

அவள் ஆறிய டீயை மழைத் தண்ணீரில் கொட்டினாள்.

"தெரிஞ்சும் உன்மேல கோவமா இருக்கு. உன் மூஞ்சியப் பாக்கப் புடிக்கல. இது நியாயமில்லன்னும் தெரியுது. என்ன பண்றதுன்னு தெரியல." முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். "கொஞ்ச நாள் இப்படித்தான் இருப்பேன். யார்கிட்டப் போய் இதைச் சொல்லுவேன், உங்கிட்டதான் சொல்லணும்."

அவள் மருந்துப் பையை எடுத்து மறுபக்கம் வைத்தாள். நகர்ந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள், தொடாமல்.

"கோவமாவே இருங்க," என்றாள். "நான் எங்கயும் போகல."